இரண்டு டேபிள், ஒரு எண்

அண்ணி: ...செலக்ட் போட்டாச்சு. எல்லாம் வேணும்னு நட்சத்திரம் போட்டாச்சு. இனி?

சின்னவள்: எந்த டேபிள்ல இருந்துன்னு சொல்லணும். சொல்லாம விட்டா கம்ப்யூட்டர் எங்க போய்த் தேடும்?

அண்ணி: ம்... ஃப்ரம்... கண் தானம் குடுத்தவங்க. இந்தா. அடேயப்பா, ஒரு கேள்வி கேட்டா ஊரே திரண்டு வருதே.

சின்னவள்: அதுக்குத்தான் 'வேர்' போடணும். யார் யார் வேணும்னு நிபந்தனை.

அண்ணி: நான் மரத்து வேருன்னு...

சின்னவள்: அப்படியே வச்சுக்கங்க. டேபிள்ல எதையாவது அழிக்கறப்போ அதை மறந்தா மொத்த மரமும் சாஞ்சிடும். போன வருஷம் ஒருத்தர் மறந்துட்டார்.

அண்ணி: அப்புறம்?

சின்னவள்: முந்தின நாள் பேக்கப் காப்பாத்துச்சு. அன்னிக்கு ரிசப்ஷன்ல உக்காந்து நீங்கதானே எல்லாருக்கும் சமாதானம் சொன்னீங்க.

அண்ணி: ஓ, அது இதானா. கண் வங்கிக்கே கண்ணு தெரியலையான்னு ஒருத்தர் கேட்டுட்டுப் போனார்... சிரிக்காதே. சரி, கண்ணு வாங்கினவங்க வேற டேபிள்ல இருக்காங்களே. ரெண்டையும் எப்படிச் சேர்த்துப் பாக்கறது?

சின்னவள்: அதுக்குள்ள ஜாயினா? நடக்கறதுக்கு முன்னாடி ஓடறீங்க.

அண்ணி: ஒரு ஆர்வம்தான். சொல்லேன்.

சின்னவள்: ரெண்டுலயும் பொதுவா ஒரு எண் இருக்கு பாருங்க. அதை வச்சுப் பொருத்தணும்.

அண்ணி: பொண்ணு குடுத்து ரெண்டு வீடு சம்பந்தி ஆகற மாதிரி.

சின்னவள்: காசு கட்டிப் படிச்சேன், அங்க யாரும் இப்படிச் சொல்லல.

அண்ணி: இதுல இருக்கற பேரெல்லாம்...

சின்னவள்: பொய்ப் பேரு. நீங்க பழகறதுக்காக நான் போட்டது.

அண்ணி: நிஜ டேபிளும் இதே மாதிரிதானா?

சின்னவள்: ...வடிவம் இதேதான்.

அண்ணி: அப்ப இந்த இடத்துல டேபிள் பேரை மட்டும் மாத்திட்டு... இங்க...

சின்னவள்: அண்ணி, வேர்ல என்ன போடறீங்க?

அண்ணி: ஒரு தேதி.

சின்னவள்: ...அது அவர் போன தேதி.

அண்ணி: உனக்குப் புருஷன்னா எனக்குத் தம்பி. இடுப்புல தூக்கி வளர்த்தவன். அவன் கண்ணு இப்ப யார்கிட்ட இருக்குன்னு... பேசக்கூட மாட்டேன். தூர நின்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவேன்.

சின்னவள்: அதுக்குத்தான் இந்தப் படிப்பா?

அண்ணி: உன்னைக் கேட்டா உன் வேலைக்கு வினை. நானே கத்துக்கிட்டா பழி என்னோட போகும்னு...

சின்னவள்: தட்டுங்க.

அண்ணி: எதை?

சின்னவள்: எண்டரை.

அண்ணி: ...அனுமதி இல்லைன்னு வருதே. இது உன் லாகின்தானே? இங்க எல்லா டேபிளையும் கட்டிக் காக்கறவளே நீ. உனக்கு இல்லாத அனுமதியா?

சின்னவள்: இருந்துச்சு அண்ணி. அவர் காரியத்துக்குப் போட்ட லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு, நீங்க இப்ப எழுதின இதே வரியை நானும் எழுதினேன். எண்டர் மேல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தா தட்டிடுவேன்னு தெரிஞ்சுது. எழுந்து போய், வாங்கினவங்க டேபிளை மட்டும் வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன்... இப்பல்லாம் பஸ்ல யாராவது என்னை ஒரு நொடி கூடுதலாப் பாத்தா, நானும் அவங்களைப் பாக்கறேன். முன்னெல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவேன்.