டிவிக்குள் வந்த மேகம்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு உப்பளத் தொழிலாளி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரி டிவிக்குள்ள நானே நிக்கறேன். இங்க கைய ஆட்டினா அங்கயும் ஆட்றேன். மேல பறக்கற பந்தத் தொடணுமாம். தோளுக்கு அதான் பயிற்சி.”

“தொட்டியா?”

“எங்க? அதுக்குள்ள படத்துல கருமேகம் வந்துடுச்சு. பாத்தியில உப்பு கரைஞ்சிடுமேன்னு பந்த விட்டுட்டு மேகத்தத் தள்ளிட்டேன்.”

“எந்தக் கையால?”

“இதாலதான்.”

வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். இறங்கப்போகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் விசிலடிக்க, பஸ் நின்றுவிட்டது.

“இறங்குங்க, சீக்கிரம்.”

“இறங்கலைங்க,” என்றாள் மனைவி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி. “நாலு மாசமா தூக்காத கை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”