குரலை ஏற்றாமல் கேட்டவை

அன்று மதியம் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். படுக்கையில் அம்மா, அடுப்படியில் தம்பி மனைவி, மாடி வகுப்பறையில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த தம்பி, கூடத்தில் நான். நல்ல வெயில், கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிட்டது.

பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் குடும்பம் எங்களுடையது. வாசல் பலகையில் அப்பா பெயர். முப்பது வருடம் அதில் கீறல் விழாமல் காத்தவன் நான். வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சிறு கேள்விகளை அட்டவணை போட்டு நடத்துவேன். 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?' குரலை ஏற்றினால், தெரியாமல் கேட்பது. இறக்கினால், தெரிந்தே கேட்பது. எதிராளி ஆமாம் போட வேண்டியதுதான்.

தம்பி மனைவி வந்தபின் மாணவர்கள் மாடியேறி அவள் வகுப்புக்குப் போனார்கள். அவளிடம் அட்டவணையே கிடையாது. "டீச்சர், என் பொண்டாட்டி எல்லாத்தையும் எறக்கித்தான் கேப்பா" என்று ஒரு தையல்காரர் சொல்ல, கூரை அதிரச் சிரித்தார்கள். என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. ஒழுங்கு அப்படி.

ஒரு நாள் அம்மா சொன்னாள்: "பலகையில அவ பேரையும் எழுதிடுடா. இப்ப பாடம் நடத்தறது அவதானே?"

குரலை இறக்கித்தான் கேட்டாள்.

அம்மாவுக்கு மறதி அதிகம். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை ஊசி போட்டதும் தம்பி மனைவி காலண்டரில் ஒரு கோடு கிழிப்பாள். அந்த மதியம் பால் பொங்கிவிட, ஓடியவள் கோட்டை மறந்தாள். அதைக் கவனித்தவன் நான் மட்டும்.

அம்மா மயங்கினாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் போனபின் தம்பி மனைவியை உட்காரவைத்தேன்.

"கோடு கிழிக்க மறந்துட்டே, இல்லையாம்மா?"

"ஆமா மாமா."

"கோடு இல்லைன்னு மறுபடி ஒரு ஊசி போட்டுட்டே, இல்லையா?"

"இல்ல மாமா. எனக்கு அப்படி ஞாபகமே இல்லையே."

"அவசரத்துல யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும். போட்டிருப்பே, இல்லையா?"

ஒரு முறைகூட நான் அதட்டவில்லை. ஐந்தாம் முறை அவளே சொன்னாள்: "போட்டிருப்பேன் மாமா."

தம்பி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுவாரம் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டான். நான் தடுக்கவில்லை, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

மாமியாருக்கு அவள் இரண்டு ஊசி போட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் போட்டது ஒன்றுதான். மற்றது நான் போட்டது.