ஒண்டிக்கட்டைகளுக்காக வாதாடிய அக்காவுக்கு

பல்லுயிரின் பன்மையைப் பலவாறு அளந்த பண்பாளரே! ஓட்டுநர் முதல் இயக்குநர் வரை வாய்நிறைய "அக்கா" என்றழைக்கும் அன்பின் உரிமையே! வணக்கம். பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்த எங்கள் சொற்குற்றம் பொறுத்தருள்க!

எந்த இடத்தைக் காப்பது என்று திட்டமிடும் இந்த அலுவலகத்தில், முப்பதாண்டுகளுக்கு முன், எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணுவதோடு வேலை முடிந்தது. எண்ணிக்கை ஓர் அளவு, உயிர்களுக்குள் உறவின் தொலைவு இன்னோர் அளவு, மண்ணுக்கும் நீருக்கும் அவை ஆற்றும் பணி மற்றுமோர் அளவு என்று உணர்த்தியவர் நீங்கள். கிளைவிட்டுச் செழித்த குடும்பத்தில் ஒன்று போனால் பங்காளிகள் மிஞ்சுவார்கள். உறவே இல்லாத உயிர் போனால் ஒரு வம்சமே போய்விடும் என்பீர்கள். சேற்றுத் தவளை போன்ற அத்தகைய உயிருக்கு "ஒண்டிக்கட்டை" என்று செல்லப்பெயரும் வைத்தீர்கள். அதை அறிக்கையிலும் அப்படியே அச்சடித்து மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்!

அத்தான் மறைந்த பின் ஒருநாள், "நானும் ஒண்டிக்கட்டைதான். ஆனா எனக்கு இத்தனை தம்பி தங்கச்சிங்க இருக்கீங்க. அந்தச் சேத்துத் தவளைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டீர்கள்.

அந்தத் தவளை வாழும் சதுப்புக்காகத்தான் இத்தனை நாளும் மல்லுக்கு நின்றீர்கள். மலைச்சரிவில் எண்ணி மாளாத உயிர்கள்; சதுப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று அளவுகளையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட்ட மேலிடம், மலையை வைத்துக்கொண்டு சதுப்பைக் கைவிட்டது. "ஒருத்தரோட உயரத்தையும் வயசையும் எடையையும் கூட்டினா என்னங்க வரும்?" என்று கூட்டத்திலேயே கேட்டீர்கள். சிரித்தார்கள், முடிவை மாற்றவில்லை. சென்ற வாரம் ஆணை வந்த அன்று, வரைபட அறையில் விளக்குகூடப் போடாமல் அமர்ந்திருந்தீர்கள். தேநீர் கொண்டுவந்த தங்கை அதைக் கொடுக்காமலே அழுதுகொண்டு திரும்பினாள்.

வென்றவராய் உங்களை வழியனுப்ப எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அக்கா! சதுப்பைத் தூர்க்க மழைக்கு முன்பே மண் லாரிகள் வந்துவிடும். சதுப்பில்லாத அந்த இறுதி வரைபடம், எங்கள் கையெழுத்துக்காக மேசைமேல் கிடக்கிறது. நாங்கள் என்ன செய்தாலும் லாரிகள் நிற்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க! தனியே இருக்கப் பிடிக்காத நாளில் எங்களில் எவர் வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள், வழக்கம்போல் அதட்டுங்கள்.

இங்ஙனம்,
அந்த வரைபடத்தில் கையெழுத்திட மறுத்து
இம்மடலில் மட்டும் கையெழுத்திடும்
உங்கள் தம்பி தங்கையர்,
வரைபடப் பிரிவு.