ஆயுசுக்கும் போடுற மாத்திரை

— கைய நீட்டு மங்கம்மா, நாடி பாக்கணும். பேசாத, எண்ணிக்கினு கீறேன்.

— பேசறதுக்கு இங்க யாரு கீறாங்க கம்பவுண்டர் பாய்? ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒரு மனுச மூஞ்சிய கிட்டத்துல பாக்கறேன்.

— அம்பத்திரண்டு. மழைக்கு முன்ன எழுபது இருந்துச்சு. மூஞ்சி ஊதிக் கீது, தொண்டை கட்டிக் கீது. எனுக்கு வேர்த்து ஊத்துது, நீ கம்பளிய போத்திக்கினு குந்தியிருக்க. மாத்திரை போட்டியா?

— போட்டேன். புட்டி காலியாத்தான கீது?

— உன் கழுத்துல கீற சுரப்பி வேலைய வுட்டுடுச்சும்மா. அது செய்யறத இந்த மாத்திரை செய்யுது. ஜொரத்து மாத்திரை இல்ல, தெம்பு வந்ததும் நிறுத்தறதுக்கு. தெனம் ஒண்ணு, வெறும் வயித்துல, ஆயுசுக்கும். நெஜத்த சொல்லு.

— கோச்சிக்காதீங்க. அந்த சாமைப் பானையில கைய வுடுங்க.

— யா அல்லா! மூட்டையா முடிஞ்சு வெச்சிருக்கியே! எதுக்கும்மா?

— வடிவோட புள்ளைக்கு.

— எந்த வடிவு? உன் வூட்டுக்காரரு ரெண்டாவதா கட்டிக்கினாரே, அவளா? அவளுக்காக உன்ன இந்தக் காட்டுல தள்ளிட்டாரு. அவங்க புள்ளைக்கா நீ மாத்திரை போடாம கெடக்கற?

— புள்ள இன்னா பண்ணுச்சு பாய்? ஆறு மாசம் ஆவுது, அழுவ மாட்டேங்குது. எப்பவும் தூங்குது. நாக்கு வெளிய தள்ளிக்கினே கீது. ஓடைகிட்ட தூளியில கெடந்துச்சு, யாரும் இல்லாதப்போ தொட்டுப் பாத்தேன். சில்லுனு, அப்டியே என் ஒடம்பு. ஆயுசுக்கும் வேணும்னு நீங்கதான சொன்னீங்க? மழ பேஞ்சா உங்க ஜீப்பும் வராது. அதான் அதுக்குன்னு சேத்து வெச்சேன்.

— குடுத்துட்டியா?

— அவங்க என்ன கிட்ட வுட்டாத்தான?

— நல்ல வேள. இது உன் அளவு. பச்சப் புள்ளைக்குக் குடுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். டாக்டர் பாத்து அளவு சொல்லணும், எடையும் நாடியும் அப்பப்ப பாத்து கூட்டணும், கொறைக்கணும். தள்ளிப்போட்டா மூளை வளராமப் பூடும்மா. இன்னிக்கே ஜீப்புல வேலூருக்குத் தூக்கினு போறேன். நாளைக்கு காலைலேர்ந்து உன் மாத்திரைய நீ முழுங்கு. இப்ப எழுந்து கூட வா. இதே சீக்குல கெடக்கறவ நீ சொன்னா வடிவு நம்புவா.

— நான் வர்ல. நீங்களா பாத்தாப்புல சொல்லுங்க. எம் பேரே வாயில வரக் கூடாது.

— ஏம்மா? நல்லதுதான செய்யற?

— வடிவுக்காக என்னத் தள்ளி வெக்கல பாய். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒலையிலதான் பொங்கித் தின்னோம். என் சீக்குதான் புள்ளயப் புடிச்சிக்கிச்சுன்னு, அவதான் அழுதுகினே என் பானைய இங்க கொண்டாந்து வெச்சா.