நாலாம் நடைமேடைப் பயணி

— ஐயோ, அடுப்பை அணைடி! மைக் திறந்திருக்கு!

— விசில் வந்தா நான் என்னங்க பண்றது? குக்கர் வாயைப் பொத்தவா முடியும்?

— இங்க வந்து திரையைப் பாரு. கண்டக்டர் ஊதினதா நெனச்சு ரெண்டாம் நடைமேடை டிரைவர் வண்டியை எடுத்துட்டான். ஜனம் பாதி உள்ள, பாதி வெளிய. ஒருத்தர் ஒத்தைச் செருப்போட ஓடறாரு!

— அந்த பஸ் ஸ்டாண்டு இங்கேர்ந்து நானூறு கிலோமீட்டர். அங்க வரைக்கும் என் குக்கர் கேக்குதா?

— சத்தம் போடாதே. “பயணிகள் கவனத்திற்கு. இரண்டாம் நடைமேடைப் பேருந்து இன்னும் புறப்படவில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்தவும். சற்று முன் கேட்ட ஒலி, தொழில்நுட்பக் கோளாறு.”

— மைக்கை மூடிட்டீங்கல்ல? என் சமையல் உங்களுக்குக் கோளாறா? நல்லா இருக்கு போங்க.

— முப்பது வருஷம் நம்மூர் பஸ் ஸ்டாண்டு கூண்டுல உக்காந்து அறிவிச்சேன். ஒரு பிசிறு உண்டா? ரிட்டையர் ஆனவனைக் கூப்பிட்டு, வீட்டுலேர்ந்தே எங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பேசுங்க சார்னு மைக்கைக் கொடுத்தாங்க. இப்ப பாரு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல என் மானம் போகுது.

— வண்டி நின்னுடுச்சில்ல? விடுங்க.

— எல்லாரும் பதறி ஓடறாங்க, அந்தப் பொண்ணு மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது பாரு.

— எந்தப் பொண்ணு?

— நாலாம் நடைமேடை, தூண் பக்கத்து பெஞ்ச். கேமரா கூரையில இருக்கா, தொப்பிதான் தெரியுது. நாலு நாளா வருது. லேப்டாப்பை மடியில வெச்சு வேலை பாக்குது. எந்த வண்டியிலயும் ஏறல. நான் பேச ஆரம்பிச்சா காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டுது. முடிச்சதும் மாட்டிக்குது. விசித்திரமா இல்ல?

— ம்.

— என்ன, ம்? நான் ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது சொல்லுவியே.

— குக்கர் ஆறிடுச்சான்னு பாக்கணும்.

— நில்லு. எதையாவது மறைச்சா முந்தானை நுனியைச் சுருட்டுவே. இப்ப சுருட்டுற.

— நம்ம வீட்டு விசிலைக் கேட்டு சிரிக்க இந்த உலகத்துல எத்தனை பேருங்க இருக்காங்க?

— வாண்டா?

— நம்ம பொண்ணு வாண்டுதான்.

— நீ சொல்லிட்டியா, நான் எந்த ஊருக்குப் பேசறேன்னு?

— அவ கேட்டா, சொன்னேன். அப்பா போன்ல பேச மாட்டாரு, ஸ்பீக்கர்லயாவது கேட்டுக்கறேன்மான்னா. அதுக்காகவே அந்த ஊர்ல ரூம் எடுத்திருக்கா. ஒன்றரை வருஷமாச்சுங்க நீங்க அவகூடப் பேசி.

— நான் பேசாதேன்னா சொன்னேன்?

— போனாப் போ, போன் பண்ணாதேன்னு சொன்னது பக்கத்து வீட்டுக்காரரா?

— கோபத்துல சொன்னா அப்படியே எடுத்துக்கறதா? வேலைன்னா ஒரு நாற்காலி, ஒரு மேசை. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாசத்துக்கு ஒரு ஊரு, அதுல வீட்டு பிளான் வரையறாளாம். இவளுக்கே வீடு இல்ல.

— நீங்க மட்டும்? பனியனோட கட்டில் ஓரத்துல உக்காந்து நானூறு கிலோமீட்டர் தாண்டி பஸ்ஸை விரட்டுறீங்க. அதைத்தான் அவ சொன்னா. மைக்கையும் பெட்டியையும் தூக்கிக்கிட்டு வாங்கப்பா, மூணு பேரும் போகலாம்னு மூணு டிக்கெட் எடுத்துட்டு வந்து நின்னா. நாம என்ன சர்க்கஸ் கூட்டமான்னு கத்துனீங்க.

— கத்தினேன்.

— தூக்கத்துல ஊர்ப் பேரா அடுக்குறவரு நீங்க. அத்தனை ஊர்ல ஒண்ணையாவது கண்ணால பாத்திருக்கீங்களா?

— அதான்டி பயம்.

— என்ன பயம்?

— மைக்ல சொல்ற வரைக்கும் எல்லா ஊரும் எனக்கு அத்துப்படி. போய் எறங்கினா இடது பக்கமா வலது பக்கமான்னு தெரியாது. பெத்த பொண்ணு முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கணும்.

— முழிச்சா என்ன? அவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தப்போ எத்தனை தடவை விழுந்தா, நாம சிரிச்சோமா?

— நீ சிரிச்சே.

— கொஞ்சம் சிரிச்சேன். என்னை யாராவது கேட்டீங்களா, உனக்குப் போகணுமான்னு? அன்னைக்கு அடுக்கின பெட்டி இன்னும் அப்படியே கட்டிலுக்கு அடியில கெடக்கு. உங்க வெள்ளைச் சட்டையை மட்டும் ஒரு கல்யாணத்துக்காக உருவினேன்.

— பிரிக்கவே இல்லையா?

— பிரிச்சா போகலைன்னு ஆயிடுமே.

— ஏய், இன்னைக்கு அவ பக்கத்துல பெரிய பெட்டி இருக்கு. நேத்து இல்லையே.

— ரூமைக் காலி பண்ணிட்டா. பன்னண்டு இருபது, துறைமுக வண்டி. அங்கேர்ந்து கப்பல். இந்தத் தடவை ரொம்ப தூரம்ங்க. எப்ப வருவேன்னு தெரியலம்மான்னு காலையில சொன்னா.

— இவ்வளவு நேரம் ஏன்டி சொல்லல?

— சொன்னா மைக்கை விட்டுட்டு எழுந்து போயிடுவீங்களோன்னு பயந்தேன். அவ கேட்டுட்டாவது போகட்டுமேன்னுதான்.

— வண்டி வந்து நின்னுடுச்சு. பன்னண்டு பதினெட்டு.

— எல்லாரும் ஏறறாங்க. இவ ஏன் ஏறல?

— நான் இன்னும் அறிவிக்கலையே.

— அப்ப சொல்லுங்க. மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?

— சொன்னா எழுந்துடுவா.

— சொல்லலைன்னாலும் வண்டி போகத்தான் போகுது. அவ உங்க வாயால கேட்டுட்டு ஏறணும்னு உக்காந்திருக்கா. ஐயோ, தொப்பியைக் கழட்டுறா. முடியை எப்படி வெட்டியிருக்கா பாருங்க. எளைச்சிருக்கா.

— மேல பாக்கறா.

— கேமராவையேதான் பாக்கறா. நாம தெரிவோமாங்க?

— தெரிய மாட்டோம். குரல் மட்டும்தான் போகும்.

— அழுதுக்கிட்டே பேசாதீங்க, ஊரே கேக்கும்.

— யார் அழறா? தண்ணி கொடு. தள்ளி நில்லு. கட்டிலுக்கு அடியிலதானே இருக்கு, அந்தப் பெட்டி?

— ஆமாங்க. ஏன்?

— “பயணிகளின் அன்பான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பன்னிரண்டு இருபது பேருந்து நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது. அனைவரும் ஏறிக்கொள்ளவும். தூண் அருகே கையில் தொப்பியுடன் அமர்ந்திருக்கும் பயணி மட்டும் தயவுசெய்து ஏற வேண்டாம். அவருடன் வர வேண்டிய இருவர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை.”