ஆட்டுக்கறி மறுத்த அம்மைக்கு

சொரோட்டிச் சீமையின் செம்மண் புழுதியெல்லாம் சேலையில் சுமந்த செம்மலே! "இதனால் என்ன பலன்?" என்று கேட்டே அதிகாரிகளின் ஆனந்த உறக்கம் கலைத்து, இன்று பணி ஓய்வு பெறும் ஸ்கோலாஸ்திகா அமுகே அம்மையே!

கொடுத்தோம் என்று கோப்பில் குறித்தால் அரசின் கடமை முடிந்தது என்று குளிர்ந்திருந்தவர்கள் நாங்கள். "குடுத்தது என்ன ஆச்சுன்னு போய்ப் பார்த்தீங்களா?" என்று எங்களை நாற்காலியிலிருந்து கிளப்பியவர் தாங்கள்.

கைம்பெண்களுக்கு ஆடு வழங்கும் திட்டம் அழிந்துகொண்டிருந்த ஆண்டை மறப்போமா! இம்மண்ணுக்கு ஆடு ஒத்துவராது, நோயில் சாகிறது, திட்டத்தை மூடுங்கள் என்றது மேலிடம். பார்த்துவிட்டு மூடலாம் என்று மன்றாடித் தவணை பெற்றீர்கள். போன ஊரில் ஆகுருட் என்னும் கைம்பெண் கேழ்வரகுக் களியும் ஆட்டுக்கறியும் படைத்தார். எலும்பைக் கடித்தபடியே ஆடுகள் ஏன் குறைகின்றன என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் கவளத்தைக் கீழே வைத்தீர்கள்.

"இது எந்த ஆடும்மா?"

"நீங்க குடுத்ததுதான். பார்க்க வந்தவங்களுக்கு வெறுங்களியா போடுறது? போன தடவை வந்தவங்களுக்குத் தாயாடு, இப்போ உங்களுக்குக் குட்டி."

அந்தக் கறி எங்களுக்கு இன்னும் செரிக்கவில்லை.

"ஆடுகளை நோய் தின்னவில்லை, நாங்களே தின்றோம்" என்று அறிக்கை எழுதினீர்கள். மேலிடம் கொதித்தது. தங்கள் பதவி உயர்வு போயிற்று; திட்டம் பிழைத்தது.

ஆனால் விருந்தை மறுத்தால் வீட்டாரை அவமதித்ததாகுமே! எனவே, அன்று ஆகுருட் வீட்டில் தொடங்கிப் பிறகு போன ஊரிலெல்லாம், "வயித்துக் கோளாறு, டாக்டர் கறி தொடக் கூடாதுன்னுட்டார்" என்றீர்கள். பொய்யெழுதாத கைக்கு வாய்த்த வாய் சொன்ன ஒரே பொய் அது. அதே நோயை எங்கள் அனைவருக்கும் அறிவித்தீர்களே, அதைத்தான் மன்னிக்க இயலவில்லை! "பாவம், என்ன ஆபீஸோ, ஒருத்தருக்கும் வயிறு சரியில்லை" என்று ஊர்தோறும் கசப்புக் கஷாயம் தந்தார்கள். குடித்தோம் அம்மையே, குடித்தோம். வெளியே வந்து வேர்க்கடலை கொறித்தோம்.

இன்று காலை ஆகுருட் லாரியேறி வந்து, கொழுத்த கிடாயொன்றை நம் வாசலில் கட்டினார்.

"உன் வயித்துக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. பொய் சொன்னாலும் என் ஆட்டுக்காகத்தானே சொன்னேன்னு நெனச்சுச் சும்மா இருந்தேன். இப்போ பட்டி நிறைஞ்சு கிடக்கு. வேலையும் முடிஞ்சுபோச்சு, இனி என்ன சாக்கு சொல்வே?"

தாங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். நாங்களும்தான்.

நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! தாங்கள் வளர்த்த கேள்வி எங்கள் நாவில் வாழ்க! கறி வெந்துவிட்டது, அம்மையே. இம்முறை எதையும் கேட்காமல் உண்ணுங்கள்.

தங்களால் பல்லாண்டு பசித்திருந்த,
திட்ட மதிப்பீட்டுப் பிரிவு ஊழியர்கள்