சாஃப்ட்வேர் தேர்வுக் குழுவின் ஒன்பதாவது கூட்டம்

— நான் வரைஞ்ச புடவைக் கரை அரக்குக் கலரு. நீ போட்டு வெச்சிருக்கிறது கத்திரிக்கா கலரு. கண்ணு தெரியுதா இல்லியா உதயா?

— எனக்கு இன்னா வந்துச்சோ அத்ததான் போட்டேன் கிரேஸு. நீ வாட்ஸ்அப்ல போட்டோ புடிச்சு அனுப்பினா நான் கலர் நம்பரை எங்கேர்ந்து எடுப்பேன்? அகலத்துக்கு ஸ்கிரீன் மேல ஸ்கேல் வெச்சு அளந்துக்கினு இருக்கேன். எங்க அக்கா பொண்ணோட ஸ்கேலு. அந்தப் பொண்ணு வேற வூட்ல அத்தத் தேடிக்கினு இருக்குது.

— என் ஃபைலைத் திறந்தா எல்லா நம்பரும் அதுலயே இருக்குது.

— திறந்தாதானேம்மா? நீ லேயரா சாஃப்ட்வேர்ல வரைஞ்சத என் ஸ்டாக்கோ சாஃப்ட்வேரு திறக்காது. நான் ஸ்டாக்கோல கட்டினத உன் லேயரா திறக்காது. நீ டிசைனரு, நான் டெவலப்பரு, நடுவுல ஒரு டேபிள்தான். ஆனா ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல உக்காந்து ஒரே வெப்சைட்டைச் செய்ற மாதிரி இருக்குது.

— அதுக்குத்தானே ஆதிகேசவன் சார் கமிட்டி போட்டாரு.

— இன்னா கமிட்டி? இந்த ஆபீஸ்ல இருக்கிறதே மூணு பேரு. அவரு தலைவரு, நீ ஒரு உறுப்பினரு, நான் ஒரு உறுப்பினரு. நமக்குப் பொதுவா எந்த சாஃப்ட்வேருன்னு எட்டுக் கூட்டம் பேசியாச்சு. மூணாவது கூட்டம் பூரா கமிட்டிக்கு லெட்டர்பேடு இன்னா கலருன்னே போச்சு.

— நாலாவதுல குரூப் போட்டோ எடுத்துக்கினோம்.

— வெப்சைட்டை ஃப்ளெக்ஸ் அடிச்சு, கீழ ஜெராக்ஸ் கடை வாசல்ல கட்டி, ‘தூரத்துலேர்ந்து பாத்தாதான் அழகு தெரியும்’னாரே, அது எத்தினாவது?

— ஆறு. பட்டு சங்கத்து செக்ரட்டரி குப்புசாமி அய்யா வந்து, அந்த ஃப்ளெக்ஸ்ல இருந்த ‘வாங்க’ பட்டனை வெரலால அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, வேலை செய்யலன்னு சொல்லிட்டுப் போனாரு.

— அந்தக் கம்ப்ளைன்ட்டும் என் தலையிலதான் வந்து வுழுந்துச்சு. அவசரமா சரி பண்ணுன்னு.

— சிரிக்காத உதயா. கோயில்ல கருட சேவைக்கு இன்னும் நாலே நாளு. அன்னிக்கு சங்கத்து வெப்சைட்டு திறக்கலன்னா அவுங்க சென்னையில வேற ஆளப் பாத்துக்குவாங்க. நம்ம கையில இருக்கிறது அந்த ஒரு பார்ட்டிதான். அது போனா நம்ம வேலையும் போச்சு. நான் திரும்பவும் காலையில அஞ்சு மணிக்கு ஏனாத்தூர் ஸ்டாப்பிங்ல ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கணும்.

— நான் மட்டும் இன்னா? அதே பஸ்ஸு, அடுத்த ஸ்டாப்பிங். ரெண்டு வருசம் ஸ்க்ரூ முடுக்கினவன்மா நானு. தூக்கத்துல கூட கை சுத்திக்கினே இருக்கும்னு எங்கம்மா சொல்லும்.

— அப்ப நாமளே பேசி முடிச்சா இன்னா? நேத்து ஒண்ணு பாத்தேன். ஓசி சாஃப்ட்வேரு, பிரவுசர்லயே திறக்குது. லிங்க் அனுப்பிக்கிறேன் பாரு.

— இரு... திறந்துக்கிச்சு. ஏய், உன் அம்புக்குறி என் ஸ்கிரீன்ல ஓடுது!

— உன்னுது என் ஸ்கிரீன்ல ஓடுது. அந்தப் புடவைக் கரையை க்ளிக் பண்ணு.

— கலர் நம்பரு, அகலம், ஓரத்துல வுட்ட இடம்... எல்லாம் பக்கத்துலயே வருது கிரேஸு! அப்படியே எடுத்து என் கோட்ல போட்டுக்கலாம்.

— இப்ப நான் கலரை மாத்துறேன்.

— மாறிடுச்சு. அரக்கு. சத்தியமா அரக்கு. எட்டுக் கூட்டம் போட்டாரும்மா அந்த மனுசன்! இதுக்கு எட்டு நிமிசம் ஆகல.

— நாலு நாள்ல முடியுமா?

— மூணு நாள் போதும். நாலாவது நாள் நான் கருட சேவைக்குப் போயிட்டு வந்து நிம்மதியா தூங்குவேன்.

— அப்ப சார் வந்ததும் சொல்லிடலாம். நாம தனித்தனியா எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டு இத்த எடுத்துக்கச் சொல்லலாம். ஆமா, உன் ரிப்போர்ட்ல நீ இன்னா எழுதின?

— சும்மா... பொதுவா. ஸ்டாக்கோ நல்லாருக்குதுன்னு. நீ?

— நானும் பொதுவாத்தான். லேயரா நல்லாருக்குதுன்னு.

— பொதுவான்னா?

— பொதுவான்னா பொதுவாப்பா. படியில செருப்பு சத்தம் கேக்குது, சார் வர்றாரு.

— வணக்கம் கண்ணுங்களா! உக்காருங்க, உக்காருங்க. நிறுவனர் தலைவர் வந்துட்டாருன்னு எந்திரிக்க வேணாம், நாம ஒரு குடும்பம். உதயா, ஃபேனைக் குறைப்பா, தீர்மானப் புத்தகம் பறக்குது. ஒன்பதாவது கூட்டத்தை இத்தோட துவக்கி வைக்கிறேன்.

— சார், ஒரே ஒரு நிமிசம். நானும் உதயாவும் சேந்து...

— உறுப்பினர் கருத்து கடைசியில கிரேஸ். மொதல்ல தலைவர் உரை. ஒரு பட்டுப் புடவைன்னா இன்னா? உடல் ஒண்ணு, கரை ஒண்ணு. ரெண்டையும் கோக்கிறதுக்குத் தறியில ரெண்டு ஆளு. டிசைனரும் டெவலப்பரும் அப்படித்தான். இத்த நான் எந்தக் காலேஜ்லயும் படிக்கல. தறியில உக்காந்து தெரிஞ்சுக்கினேன்.

— நீங்க தறியில உக்காந்திருக்கீங்களா சார்?

— போட்டோவுக்கு உக்காந்திருக்கேன் தம்பி.

— சார், இங்க பாருங்க, ஒரு ஓசி சாஃப்ட்வேரு. ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல வேலை செய்யலாம். இந்தக் கரையை நான் மாத்தினா உதயா ஸ்கிரீன்ல...

— ஓசியா? ஆதி குளோபல் டிஜிட்டல் சிஸ்டம்ஸ் ஓசி சாஃப்ட்வேருல ஓடுதுன்னு வெளியில தெரிஞ்சா நான் ரோட்டரி மீட்டிங்ல எப்படிப் பேசுவேன்? அதுவும் இல்லாம, விதிப்படி கமிட்டி முன்னாடி இருக்கிறது ரெண்டு ரிப்போர்ட்டுதான். ரெண்டையும் லேமினேஷன் பண்ணிட்டேன்.

— அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுடலாம்னு சொல்லத்தான் சார் நாங்க...

— லேமினேஷனை எப்படிப்பா கிழிப்ப? கேளுங்க, படிக்கிறேன். கிரேஸ் எழுதினது. ‘லேயராவில் படம் வரைந்தால் போதும். இணையதளம் தானாகவே உருவாகிவிடும். இதை வாங்கினால் நம் நிறுவனத்துக்கு டெவலப்பர் என்று ஒருவர் தேவையே இல்லை.’

— இதுக்குப் பேருதான் பொதுவா கிரேஸு?

— அடுத்தது உதயகுமார். ‘ஸ்டாக்கோவில் ஐந்நூறு பக்கங்கள் தயாராக உள்ளன. அழகு, நிறம் எல்லாம் அதற்கே தெரியும். டிசைனர் என்ற பதவியே அவசியமற்றது.’

— பதவியே அவசியமற்றதா? அடப்பாவி! உன் ரெடிமேட் பக்கத்துல பட்டுப்புடவை இருக்க வேண்டிய இடத்துல பீட்சா படம் வந்துச்சே, அத்த ஏன் எழுதல?

— உன் லேயரா தானா செஞ்ச பக்கத்தை போன்ல திறந்தா புடவை தலைகீழா தொங்கிச்சே, அத்த நீ எழுதினியா?

— அமைதி, அமைதி. பீட்சா நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஒண்ணு கேக்குறேன். தலைவர்கிட்ட பொய் எழுதிக் குடுத்தவங்களுக்கு இந்தக் குடும்பத்துல இடம் கிடையாது. நீங்க எழுதினது நெஜமா, சும்மாவா? கிரேஸ், நீ சொல்லு.

— சார், அது வந்து...

— கிரேஸு, சும்மா எழுதினோம்னு சொல்லிடு. நானும் சொல்லிடறேன். ரெண்டு பேரும் சேந்து சொன்னா இன்னா பண்ணிடுவாரு? மூணு நாள் வேலைம்மா, முடிச்சுக் காட்டிடலாம்.

— கமிட்டியில குசுகுசுன்னு பேசக்கூடாது தம்பி. கிரேஸ், நெஜமா சும்மாவா?

— நெஜம்தான் சார். நான் எழுதினது எல்லாம் நெஜம்.

— கிரேஸு!

— நான் சும்மான்னு சொன்ன அப்புறம் நீ நெஜம்னு சொல்லிட்டா, நான் எங்க போவேன் உதயா?

— உதயகுமார், உன்னுது?

— கிரேஸு எழுதினத வுட என்னுது நெஜம் சார்.

— சபாஷ்! இந்தத் தெளிவுக்காகத்தான் ஒன்பது கூட்டம் போட்டேன். நேத்தே முடிவு பண்ணிட்டேன், இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு.

— யாரோட ரிப்போர்ட்டு சார் எடுத்துக்கினீங்க?

— பாரபட்சம் பாக்குறது நம்ம வழக்கத்துலயே கிடையாதுப்பா. ரெண்டு பேர் எழுதினதையும் நெஜம்னு ஏத்துக்கினு ரெண்டு சாஃப்ட்வேரையும் வாங்கிட்டேன், நாளையிலேர்ந்து நீங்க ரெண்டு பேருமே வர வேணாம்.